வெந்நீரை விளாவிய பிறகே ஆளைக் கூப்பிடுங்கள்: சென்னை வீடுகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

என் பாட்டி வீட்டுக் குளியலறையில் ஒரு செப்புத் தவலை எப்போதும் அடுப்பின் மேல்தான் உட்கார்ந்திருக்கும். பாட்டி வாளியில் முதலில் பச்சைத் தண்ணீர் ஊற்றுவாள். பிறகு தவலையிலிருந்து சொம்பு சொம்பாக வெந்நீர் சேர்த்து, கைவிட்டுக் கலக்கிப் பார்ப்பாள். அதற்குப் பெயர் விளாவுவது. விளாவி முடித்த பிறகுதான் "வாடா குளிக்க" என்று குரல் வரும். தவலையில் இருந்தது ஏறக்குறையக் கொதிநீர். ஆனாலும் அதற்கும் எங்கள் முதுகுக்கும் நடுவில் ஒரு வாளியும் ஒரு கையும் இருந்தன.

கீசர் வந்தது, அந்த வாளியும் கையும் போயின. இப்போது குழாயைத் திருப்பினால் வெந்நீர் நேராக உடம்பில் விழுகிறது. இரண்டு வருடங்களுக்கு முன் என் அம்மா கால் வலிக்கிறதென்று பாத்ரூம் ஸ்டூலில் உட்கார்ந்து, கீசர் குழாயைத் திறந்து பாதத்தில் வாங்கிக்கொண்டாள். இருபது வருடச் சர்க்கரை. பாதத்தில் உணர்ச்சி குறைந்துபோயிருந்ததால் சுட்டதே தெரியவில்லை. சாயங்காலம் பூ கட்ட உட்கார்ந்தபோது விரல்களுக்கு மேலே கொப்புளம் எழும்பியிருந்ததை என் மனைவி பார்த்துச் சொல்லித்தான் தெரிந்தது. ஆற இரண்டு மாதம் ஆனது. அதன் பிறகு ஒரு தெர்மாமீட்டர் வாங்கிக்கொண்டு மாம்பலத்தில் இருக்கும் எங்கள் ஃபிளாட்டின் ஒவ்வொரு குழாயாகப் போய்ப் பார்த்தேன். அப்போது செய்ததையும் கற்றதையும் வரிசையாக எழுதுகிறேன்.

எவ்வளவு சூடு, எவ்வளவு நேரம்

தோல் வேகுவதற்குத் தண்ணீர் கொதிக்க வேண்டியதில்லை. 1947இல் அமெரிக்காவில் மோரிட்ஸ், ஹென்ரிக்ஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதை அளந்து காட்டினார்கள். 44 டிகிரி செல்சியஸ் சூடு தோலைக் கெடுக்கச் சுமார் 6 மணி நேரம் எடுக்கும். அங்கிருந்து ஒவ்வொரு டிகிரி ஏறும்போதும் அந்த நேரம் ஏறத்தாழப் பாதியாகிக்கொண்டே போகும். பெரியவர் ஒருவருக்குக் கடுமையான காயம் ஏற்பட 49 டிகிரியில் 5 நிமிடத்துக்கு மேல் ஆகும். 52இல் சுமார் 2 நிமிடம். 55இல் அரை நிமிடம் போதும். 60இல் சுமார் 5 விநாடி. 70இல் ஒரு விநாடி. குழந்தைகளுக்கும் வயதானவர்களுக்கும் தோல் மெல்லியது என்பதால் இந்தக் கணக்கு இன்னும் சுருங்கும்.

இதில் மனத்தில் வைக்க வேண்டியது 50க்கும் 60க்கும் நடுவில் இருக்கும் அந்தப் பள்ளம். பத்து டிகிரிதான், ஆனால் நிமிடங்கள் விநாடிகளாகிவிடுகின்றன. 60 டிகிரி நீர் பட்டதும் நீங்களும் நானும் துள்ளி விலகிவிடுவோம். ஒன்றரை வயதுக் குழந்தைக்குக் குழாயைத் திறக்கத் தெரியும், மூடத் தெரியாது. அதே இடத்தில் நின்று அலறும்.

குளிக்க நமக்கு வேண்டியதோ 40 டிகிரியை ஒட்டிய நீர். கைக்குழந்தைக்கு 37, 38 போதும். அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலம் 1983இல் புது வாட்டர் ஹீட்டர்களை 49 டிகிரியில் வைத்துத்தான் தர வேண்டும் என்று சட்டமே போட்டது. அதற்குப் பிறகு அங்கே குழாய் வெந்நீரில் வெந்து ஆஸ்பத்திரிக்கு வரும் குழந்தைகள் குறைந்தார்கள். நம் ஊரில் அந்த வேலையை அவரவர் வீட்டில் நாமேதான் செய்துகொள்ள வேண்டும்.

படி 1: அளந்து பாருங்கள்

காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர் இதற்கு உதவாது. அது 42, 43 டிகிரியோடு நின்றுவிடும். சமையலுக்கென்று விற்கும், நீளக் கம்பி வைத்த டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். ஆன்லைனில் கிடைக்கும், ரிச்சி ஸ்ட்ரீட்டில் தேடினாலும் கிடைக்கும்.

கீசரைப் போட்டு, சூடாகித் தானாக நிற்கும்வரை காத்திருங்கள். சிவப்பு விளக்கு அணைவதுதான் அடையாளம். பிறகு வெந்நீர்ப் பக்கத்தை மட்டும் திறந்து, பைப்பில் தேங்கிய ஆறிய நீர் போகும்வரை விடுங்கள். அந்த நீரை வாளியில் பிடித்து வைத்தால் துணி ஊறவைக்க ஆகும், வீணாக்க வேண்டாம். நல்ல சூடு வந்ததும் ஒரு மக்கில் பிடித்து, கம்பியை நடுநீரில் முக்கி, எண் நிலைக்கும்வரை பாருங்கள். மக் எவர்சில்வராக இருந்தால் கைப்பிடி உள்ளதாக இருக்கட்டும். அளக்கப் போய்க் கையைச் சுட்டுக்கொள்ளக் கூடாது.

இதே மாதிரி வெந்நீர் வரும் ஒவ்வொரு குழாயிலும் பாருங்கள். வெந்நீரும் பச்சைத் தண்ணீரும் கலந்து வரும் பாத்ரூம் மிக்ஸர் குழாய், வாஷ் பேசின், சமையலறை சிங்க் எதையும் விட வேண்டாம். எங்கள் வீட்டில் ஒரு பாத்ரூமில் 57, இன்னொன்றில் 68. இரண்டும் ஒரே நாளில் வாங்கிய ஒரே மாதிரிக் கீசர்கள்! அம்மா உட்கார்ந்திருந்தது 68 டிகிரி பாத்ரூமில்.

படி 2: கீசரை இறக்குங்கள்

கீசர்கள் ஏன் இவ்வளவு சூடாக வைக்கப்படுகின்றன? தொட்டி சின்னது. சூட்டை ஏற்றினால் அதே தொட்டியிலிருந்து விளாவிய நீர் அதிகம் கிடைக்கும். டேங்க் தண்ணீர் 28 டிகிரி, குளிக்கும் நீர் 40 டிகிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். 15 லிட்டர் கீசரில் 50 டிகிரி நீர் இருந்தால் விளாவிய பின் சுமார் 27 லிட்டர் வரும். 60 என்றால் 40 லிட்டர். 70 என்றால் 52 லிட்டர். ஒரு வாளி 20 லிட்டர் என்றால் 50 டிகிரியிலேயே ஒரு வாளிக்கு மேல் கிடைத்துவிடுகிறது. டெல்லிக் குளிரில் 70 தேவைப்படலாம். சென்னை மார்கழி விடியற்காலை நம்மை நடுக்குகிறது என்று நாம் சொல்லிக்கொண்டாலும் தெர்மாமீட்டர் 20க்குக் கீழே அதிகம் இறங்குவதில்லை.

கரண்டும் மிச்சம். அதே 15 லிட்டரை 70க்கு ஏற்ற முக்கால் யூனிட்டை ஒட்டி ஆகும்; 50க்கு ஏற்ற அதில் பாதிதான்.

சரி, எப்படி இறக்குவது? கீசரின் அடிப்பக்கத்திலோ முன்பக்கத்திலோ திருகும் குமிழ் இருந்தால் எளிது. கொஞ்சம் இறக்கி, உள்ளே இருக்கும் பழைய சூட்டு நீரை முழுக்கத் தீர்த்து, மறுபடி சூடாக்கி அளந்து பாருங்கள். குமிழில் போட்டிருக்கும் எண்ணை நம்ப வேண்டாம், தெர்மாமீட்டரை நம்புங்கள். 50 டிகிரியை ஒட்டி வரும்வரை இரண்டு மூன்று தடவை செய்ய வேண்டியிருக்கும்.

வெளியே குமிழ் இல்லாத கீசர்களில் சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் மூடிக்குள் இருக்கும். அதை நீங்கள் திறக்காதீர்கள். சர்வீஸ் ஆள் வரும்போது "50க்கு இறக்கிக் கொடுங்கள்" என்று கேளுங்கள். அவர் மூடியைத் தொடும் முன் சுவர் ஸ்விட்ச் மட்டுமல்லாமல் எம்சிபியும், அதாவது மின்பெட்டியில் கரண்டைத் துண்டிக்கும் ஸ்விட்சும், இறக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். "அவ்வளவு கம்மியா வச்சா சூடே வராது சார்" என்பார். வரும்.

இறக்கவே முடியாத மாடல் என்றால் நேரம்தான் ஆயுதம். 2 கிலோவாட் கீசர் 15 லிட்டரை 28இலிருந்து 50க்கு ஏற்ற 11, 12 நிமிடம் எடுக்கும், 60க்குச் சுமார் 17 நிமிடம். மொபைலில் 12 நிமிடம் அலாரம் வைத்து அணைத்துவிடலாம். ஒரு எச்சரிக்கை: முந்தைய ஆள் குளித்து மீதி சூடு இருக்கும்போது மறுபடி 12 நிமிடம் போட்டால் இந்தக் கணக்கு தப்பும். கீசரின் உட்சுவர் சூட்டை மணிக்கணக்கில் காப்பாற்றும். "ஸ்விட்ச் அணைச்சாச்சு, பயமில்லை" என்று குழந்தையைக் குழாயடியில் விடுவது பல வீடுகளில் நடக்கும் தவறு. காலையில் அணைத்த கீசர் மதியமும் சுடும்.

சமையலறையில் மாட்டும் சின்ன இன்ஸ்டன்ட் கீசர்களில், அதாவது 1 லிட்டர், 3 லிட்டர் வகைகளில், பெரும்பாலும் சூட்டை மாற்றவே வழி இருக்காது. 3 கிலோவாட் என்பதால் 3 லிட்டர் நீர் இரண்டு நிமிடத்தில் 50ஐத் தாண்டிவிடும். இவற்றைக் குளியலுக்கு வாங்க வேண்டாம் என்பது என் கருத்து, குறிப்பாக வீட்டில் குழந்தை இருந்தால்.

"சூட்டைக் குறைத்தால் கிருமி வளராதா?" என்று என் மைத்துனர் கேட்டார். நல்ல கேள்வி. லெஜியோனெல்லா என்ற நுரையீரல் கிருமி வெதுவெதுப்பான தேங்கிய நீரில், ஏறத்தாழ 25 முதல் 45 டிகிரி வரை, நன்றாக வளரும். 60 டிகிரியில் சாகும். அதனால் கீசரை 40இல் வைத்து விளாவாமல் குளிக்கலாம் என்ற யோசனை வேண்டாம். 50இல் வைத்துத் தினமும் பயன்படுத்தித் தீர்ப்பது சாதாரண வீட்டுக்குச் சரி. ஊருக்குப் போய் வந்தால் தேங்கிய நீரைத் திறந்துவிட்டு, ஒருமுறை 60க்கு மேல் ஏற்றி, ஆள் யாரும் கீழே இல்லாமல் குழாய்களில் ஓடவிடுங்கள். கீமோ எடுப்பவர், சிறுநீரகம் மாற்றியவர் போன்ற நோய் எதிர்ப்பு குறைந்தவர்கள் வீட்டில் கீசர் 60இலேயே இருக்கட்டும். அவர்களுக்கு அடுத்த படியில் சொல்லும் தெர்மோஸ்டாட்டிக் மிக்ஸர் செலவானாலும் தேவை.

படி 3: மிக்ஸரும் குழாயும்

வெந்நீர் இடப்பக்கம், பச்சைத் தண்ணீர் வலப்பக்கம். இதுதான் வழக்கம். உங்கள் வீட்டு எல்லாக் குழாயிலும் அப்படித்தானா என்று ஒருமுறை பாருங்கள். எங்கள் சின்ன பாத்ரூமில் பைப்பை மாற்றிக் கொடுத்துவிட்டு, குழாய்த் தலையில் சிவப்பு நீலப் பொட்டை மட்டும் சரியாக ஒட்டிவைத்திருந்தார்கள்! விருந்தாளிக்கு அது ஒரு பொறி. பைப்பை மாற்ற முடியாவிட்டால் பொட்டையாவது மாற்றி ஒட்டுங்கள்.

ஒற்றைக் கைப்பிடி மிக்ஸரில் குழந்தை தொங்கினால் அது எந்தப் பக்கமும் திரும்பும். மூடும்போது எப்போதும் பச்சைத் தண்ணீர்ப் பக்கமாகத் திருப்பி மூடும் பழக்கத்தை வீட்டில் எல்லாருக்கும் சொல்லிவையுங்கள். அடுத்து திறப்பவருக்கு முதலில் வருவது குளிர்ந்த நீராக இருக்கும்.

காசு செலவில்லாத ஒரு வேலை சொல்கிறேன். வாஷ் பேசினுக்கும் சிங்குக்கும் அடியில் இரண்டு ஆங்கிள் வால்வு இருக்கும். வெந்நீர்ப் பக்கத்து வால்வை மூடிவிடுங்கள். வாஷ் பேசினில் வெந்நீர் இல்லாமல் சென்னையில் யாரும் கஷ்டப்பட்டதில்லை. குழந்தை ஸ்டூல் போட்டு ஏறிக் கை கழுவும் இடம் அதுதான். பாத்ரூமில் சுவரில் பொருத்திய, இரண்டு பிடி உள்ள வால் மிக்ஸர் என்றால், அதன் வெந்நீர்ப் பிடியைக் கழற்றி அலமாரியில் வைத்துவிட்டுத் தேவைப்படும்போது மாட்டலாம். பார்க்க அசிங்கம்தான், மூன்று வயது ஆகும்வரை பொறுத்துக்கொள்ளலாம்.

ஹெல்த் ஃபாசெட் எந்த லைனில் இருக்கிறது என்று கட்டாயம் பாருங்கள். அது பச்சைத் தண்ணீர் லைனில் மட்டுமே இருக்க வேண்டும். சில வீடுகளில் மிக்ஸரிலிருந்து கிளை எடுத்திருப்பார்கள். இன்னொரு கோளாறும் உண்டு. கையில் பிடிக்கும் ஷவரின் விசையை மட்டும் விட்டுவிட்டு, மிக்ஸரின் இரண்டு பக்கத்தையும் திறந்தே வைத்தால், வெந்நீர் மிக்ஸர் வழியாகப் பச்சைத் தண்ணீர் லைனுக்குள் ஏறிவிடும். பிறகு வேறு குழாயில் பச்சைத் தண்ணீர் திறப்பவருக்குச் சூடாக வரும். மிக்ஸரையே மூட வேண்டும். கீசருக்குள் போகும் லைனில் என்ஆர்வி, அதாவது நீரைத் திரும்ப விடாத வால்வு, இருக்கிறதா என்று பிளம்பரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஷவரில் குளிக்கும்போது யாராவது பக்கத்தில் ஃபிளஷ் இழுத்தாலோ வாஷிங் மெஷின் நீர் எடுத்தாலோ திடீரென்று சூடு ஏறுவது பழைய ஃபிளாட்களில் சகஜம். பச்சைத் தண்ணீரின் அழுத்தம் விழுகிறது, வெந்நீர் மிஞ்சுகிறது. மொட்டை மாடி டேங்க்கிலிருந்து இறங்கும் நீர் மேல் மாடிகளுக்கு அழுத்தம் குறைவாகவே வரும் என்பதால் அங்கே இது அதிகம். வயதானவர்களை அப்படிப்பட்ட ஷவருக்குக் கீழே நிறுத்தாதீர்கள். வாளிதான் நல்லது.

தெர்மோஸ்டாட்டிக் மிக்ஸர் என்று ஒன்று விற்கிறது. நீங்கள் வைத்த சூட்டைத் தானே நிலையாக வைத்துக்கொள்ளும். பச்சைத் தண்ணீர் நின்றுபோனால் வெந்நீரையும் அடைத்துவிடும். பலவற்றில் 38 டிகிரியில் ஒரு தடைப் பொத்தான் இருக்கும், அதை அழுத்தாமல் மேலே திருப்ப முடியாது. நல்ல பொருள், விலையும் நன்றாகவே இருக்கும். வாங்கும் முன் இரண்டு விஷயம்: உங்கள் டேங்க் அழுத்தத்தில் அது வேலை செய்யுமா என்று பிளம்பரைப் பார்க்கச் சொல்லுங்கள். போர் தண்ணீர் வீடென்றால் உப்பு படிந்து உள்ளே இறுகும். கம்பெனி சொல்லும் இடைவெளியில் கழற்றிச் சுத்தம் செய்யாவிட்டால் காசு தண்டம்.

படி 4: மொட்டை மாடி

சோலார் வாட்டர் ஹீட்டர் இருக்கும் வீடுகளில் எச்சரிக்கை இரட்டிப்பாக வேண்டும். கீசருக்காவது தெர்மோஸ்டாட் உண்டு, சூரியனுக்குக் கிடையாது. பங்குனி, சித்திரை வெயிலில் கண்ணாடிக் குழாய் வகை சோலார் டேங்க் 70 டிகிரியைச் சர்வசாதாரணமாகத் தாண்டும். யாரும் பயன்படுத்தாமல் இரண்டு நாள் கிடந்தால் இன்னும் ஏறும். அதோடு, மாடியிலிருந்து கீழே வரும் நீளப் பைப்பில் ஆறிய நீர்தான் முதலில் வரும். ஒரு நிமிடம் பச்சைத் தண்ணீராகவே கொட்டிவிட்டு, சட்டென்று கொதிநீராக மாறும். அந்த ஒரு நிமிடத்தை நம்பிக் குழந்தையை ஷவரில் நிறுத்தக் கூடாது. சோலார் டேங்க்கிலிருந்து வெளியேறும் லைனிலேயே விளாவி அனுப்பும் வால்வு ஒன்றைப் பொருத்தச் சொல்லுங்கள். புது வீடு கட்டுபவர்கள் பைப் போடும்போதே செய்துகொண்டால் வேலை சுலபம்.

சோலார் இல்லாதவர்களுக்கும் கத்திரி வெயில் ஒரு பாடம் நடத்தும். மே மாதம் மதியம் இரண்டு மணிக்குப் பச்சைத் தண்ணீர்க் குழாயைத் திறந்தால் கீசர் போட்டது போல வரும். சென்னையில் 2003 மே 31 அன்று 45 டிகிரி பதிவானது; அது காற்றின் சூடு. வெயிலில் கிடக்கும் கறுப்பு டேங்க்கும் சுவரோரம் ஓடும் பைப்பும் அதைவிடச் சூடாகும். அதனால் முதலில் வரும் இரண்டு மூன்று மக் நீரைக் குழந்தை மேல் ஊற்றாதீர்கள். செடிக்கு விடும் ஹோஸ் பைப் வெயிலில் சுருண்டு கிடந்தால் அதற்குள் இருக்கும் நீர் தோலைச் சுடும் அளவுக்குக் காயும். குழந்தைகள் அதை எடுத்துத்தான் முதலில் விளையாடும். அந்த நாட்களில் குழந்தைக்கான தண்ணீரைக் காலையிலேயே வாளியில் பிடித்து நிழலில் மூடி வைத்துவிடலாம்.

படி 5: அடுப்பும் ராடும்

கீசர் இல்லாத வீடுகளை மறந்துவிட முடியாது. வாடகை வீட்டில் கீசர் மாட்டச் சுவரில் ஓட்டை போட ஓனர் விடமாட்டார்; வாளி நீரில் முக்கிச் சூடாக்கும் கரண்ட் ராடுதான் கதி. ராடுக்குத் தெர்மோஸ்டாட் இல்லை. விட்டால் கொதிக்கும்வரை போகும். 1.5 கிலோவாட் ராடு 20 லிட்டர் வாளியை 28இலிருந்து 45க்கு ஏற்றச் சுமார் 16 நிமிடம், 1 கிலோவாட் என்றால் 24 நிமிடம். அலாரம் வைத்துக்கொள்ளுங்கள். பாத்ரூம் கதவை வெளியே தாழ் போட்டுவிட்டுச் சூடாக்குங்கள். ஸ்விட்சை அணைத்து, பிளக்கையும் பிடுங்கிய பிறகுதான் நீரைத் தொட வேண்டும். சூட்டைவிட ஷாக் முந்திக்கொள்ளும். கழற்றிய ராடை ஈரத்தோடு தரையில் போடாமல் உயரத்தில் மாட்டுங்கள், அந்தக் கம்பியும் சுடும்.

அடுப்பில் காய்ச்சுபவர்கள் பாத்ரூமில் வாளியில் பச்சைத் தண்ணீரை முதலில் பிடித்து வைத்துவிட்டு, ஹாலில் குழந்தை எங்கே இருக்கிறது என்று பார்த்துவிட்டு, அரைப் பாத்திரம் மட்டும், மூடி போட்டு, எடுத்துப் போங்கள். கைத்துணி வழுக்கும் பட்டுத் துணியாக இருக்க வேண்டாம்.

படி 6: விளாவும் முறை

வாளியில் முதலில் பச்சைத் தண்ணீர், பிறகு வெந்நீர், கடைசியில் மறுபடி கொஞ்சம் பச்சைத் தண்ணீர். கடைசித் தண்ணீர் குழாய் மூக்கையும் குளிரவைக்கும். சூடான குழாய் மூக்கே குழந்தையின் தோளைச் சுடும். அடியிலிருந்து மேலாகக் கலக்குங்கள். மேல்நீர் சூடாகவும் அடிநீர் ஆறியும் கிடக்கும். பிறகு கையை விட்டுப் பாருங்கள்.

எந்தக் கையை? தினமும் தோசைக்கல்லோடு பழகிய கையை நம்ப முடியாது. இட்லிப் பாத்திரத்தை வெறுங்கையால் இறக்குகிற பாட்டிக்கு 45 டிகிரி "இதமா இருக்கு" என்றுதான் தோன்றும். முழங்கையையோ மணிக்கட்டின் உள்பக்கத்தையோ நனைத்துப் பாருங்கள். சூடா குளிரா என்றே தெரியாதபடி இருந்தால் அது கைக்குழந்தைக்குச் சரியான நீர்.

கைக்குழந்தையைக் காலில் போட்டுக் குளிப்பாட்டும் பழக்கம் அழகானது, அதை விடச் சொல்லமாட்டேன். எண்ணெய் தேய்த்த குழந்தை மீன் மாதிரி வழுக்கும் என்பதால் ஊற்ற இன்னொருவர் வேண்டும். கொதிநீர்ப் பாத்திரம் அருகில் இருக்கவே கூடாது. தேவையான நீர் முழுவதும் முன்பே விளாவி இரண்டு வாளியில் இருக்க வேண்டும். நடுவில் "கொஞ்சம் சூடு சேர்த்துக்கோ" என்று குழந்தை காலில் இருக்கும்போதே வெந்நீரை ஊற்றுவதுதான் விபத்தின் வாசல். நீர் ஆறிவிட்டதா, குழந்தையைத் துண்டில் சுற்றித் தூக்குங்கள், பிறகு சேருங்கள்.

பிள்ளை பெற்றவளுக்குக் கொதிக்கக் கொதிக்க ஊற்ற வேண்டும் என்று சொல்லும் பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். வெதுவெதுப்பான நீரே வலியை ஆற்றும். சிசேரியன் தையலைச் சுற்றிச் சில மாதங்களுக்கு மரத்துப்போயிருப்பதால் சூடு சரியாகத் தெரியாது. சூடு போதுமா என்று தீர்மானிக்க வேண்டியவள் குளிப்பவள்தான். அத்தையிடம் இதை மருமகள் சொல்ல முடியாது, மகன் சொல்லலாம்.

சர்க்கரை உள்ளவர்கள் பாதத்தை வெந்நீரில் ஊறவைக்கக் கூடாது. காலைக் கழுவும் நீரையும் கையாலோ தெர்மாமீட்டராலோ பார்த்த பிறகுதான் காலை வைக்க வேண்டும், காலால் சோதிக்கவே கூடாது. எங்கள் வீட்டில் இது இப்போது சட்டம். வலிப்பு வருபவர்கள், பக்கவாதத்தால் ஒரு பக்கம் உணர்ச்சி குறைந்தவர்கள், மறதி நோய் உள்ளவர்கள் ஆகியோருக்கு வெந்நீர்க் குழாயே எட்டக் கூடாது. விளாவிய வாளியைக் கொடுத்துவிட்டுக் கதவைத் தாழிடாமல் சாத்திக்கொள்ளச் சொல்லுங்கள்.

தீபாவளி காலை தனியாகச் சொல்ல வேண்டும். விடியுமுன் எண்ணெய் வழிய வழிய வரிசையில் நிற்கும் பிள்ளைகள், தூக்கக் கலக்கம், வழுக்கும் தரை, அவசரம். அன்று ஒரு பெரியவர் வேறு வேலை எதையும் பார்க்காமல் விளாவுவதை மட்டும் பார்க்கட்டும்.

கீசர் கெடும்போது

சென்னையில் போர் தண்ணீரோ லாரித் தண்ணீரோ உப்பு இல்லாமல் வருவது அபூர்வம். சூடேற்றும் கம்பியிலும் தெர்மோஸ்டாட் உறையிலும் வெள்ளை உப்பு ஏறினால் சூட்டுக் கட்டுப்பாடு தப்பும். வருடத்துக்கு ஒருமுறை கழற்றிச் சுத்தம் செய்து, உள்ளே இருக்கும் மெக்னீஷியம் கம்பி கரைந்துவிட்டதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள்.

கீசருக்குள் கடகடவென்று கொதிக்கும் சத்தம், குழாயில் நீராவியும் நீரும் துப்பித் துப்பி வருவது, பாதுகாப்பு வால்விலிருந்து விடாமல் ஒழுகுவது, சிவப்பு விளக்கு அணையவே அணையாதது. இவற்றில் எது தெரிந்தாலும் குழாயைத் திறந்து பார்க்காதீர்கள். எம்சிபியை இறக்கி, பல மணி நேரம் ஆறவிட்டு, ஆளைக் கூப்பிடுங்கள். பாதுகாப்பு வால்வு ஒழுகுகிறதென்று அதை அடைத்துவிட்டுப் போகும் ஆளை மறுபடி கூப்பிடாதீர்கள்.

சுட்டுவிட்டால்

குழாயை மூடுவதற்கு முன் ஆளை இழுங்கள். நனைந்த துணியை உடனே கழற்றுங்கள், துணி சூட்டைப் பிடித்து வைத்திருக்கும். குழந்தையின் டயப்பரையும் சேர்த்துத்தான். ஒட்டிக்கொண்டிருந்தால் பிய்க்க வேண்டாம். வளையல், மோதிரம், கொலுசு, அரைஞாண் எல்லாவற்றையும் வீங்குவதற்கு முன் எடுத்துவிடுங்கள்.

பிறகு குளிர்ந்த நீர், 20 நிமிடம், கடிகாரம் பார்த்து. இங்கேதான் சென்னைக்காரர்களுக்கு ஒரு சிக்கல். மே மாத மதியத்தில் குழாய் நீரே சூடு! அப்போது கேன் தண்ணீரை எடுங்கள். ஒரு கேன் 20 லிட்டர். நிமிடத்துக்கு ஒரு லிட்டர் என்று மெதுவாக ஊற்றினால் சரியாக 20 நிமிடம் வரும். பானைத் தண்ணீரும் நல்லது. ஐஸ் வைக்க வேண்டாம், அது தோலை மேலும் கெடுக்கும். குழந்தை என்றால் சுட்ட இடத்தை மட்டும் நனைத்து, மற்ற உடம்பைத் துண்டால் போர்த்துங்கள். பதற்றத்தில் உடனே செய்யவில்லை என்றாலும், மூன்று மணி நேரத்துக்குள் செய்தால் பலன் உண்டு.

இங்க், தோசை மாவு, பற்பசை, மஞ்சள், காபித்தூள், வெண்ணெய் எதுவும் வேண்டாம். டாக்டர் அதையெல்லாம் தேய்த்து எடுக்கும்போது படும் வலி சுட்ட வலியைவிட மோசம். கொப்புளத்தை உடைக்காதீர்கள். சமையலறையில் உணவு சுற்றும் பிளாஸ்டிக் தாளை இறுக்காமல் பரப்பியோ, துவைத்த பருத்தி வேட்டித் துண்டாலோ மூடுங்கள்.

அடிபட்டவரின் உள்ளங்கை விரல்களோடு சேர்த்து உடம்பில் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கு. காயம் அதைவிடப் பெரிதென்றாலோ, கொப்புளம் எழும்பினாலோ, முகம், கை, பாதம், மூட்டு, பிறப்புறுப்பு என்றாலோ ஆஸ்பத்திரிதான். கைக்குழந்தைக்கும் சர்க்கரைக்காரருக்கும் எவ்வளவு சின்னக் காயமானாலும் காட்டிவிடுங்கள். 108 இலவசம். கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தீக்காயத்துக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. எத்தனை மணிக்குச் சுட்டது, எவ்வளவு நேரம் தண்ணீர் ஊற்றினீர்கள், கடைசியாக டெட்டனஸ் ஊசி எப்போது போட்டது என்று அங்கே கேட்பார்கள். போகிற வழியிலேயே மொபைலில் குறித்துக்கொள்ளுங்கள். வாசலில் போய் நிற்கும்போது ஒன்றும் ஞாபகம் வராது.